உங்க ஊரை யார் வரைவது?



இன்றைக்கு ஒரு சின்ன பரீட்சை. மார்க் கிடையாது, பெயிலும் கிடையாது. கண்ணை மூடிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுக்கு எதிர் வீடு இருக்கிறது அல்லவா? அதில் மொத்தம் எத்தனை ஜன்னல்கள்? கதவு எந்தப் பக்கம் திறக்கும்? கூரை ஓடா, தளமா, தகரமா? வாசல் படி இரண்டா, மூன்றா?

என்ன... முழிக்கிறீர்களா?

பிறந்ததில் இருந்து அந்த வீட்டைப் பார்த்துக்கொண்டு இருக்கிறீர்கள். ஆனால், ஜன்னல் எத்தனை என்று தெரியவில்லை! தப்பு உங்கள் மேல் இல்லை. நம் எல்லோருக்குமே அப்படித்தான். தினமும் பார்க்கிற பொருளை, கண் பார்க்கும், மனசு பார்க்காது.

மனசையும் பார்க்க வைக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. ஒரு நோட்டு, ஒரு பென்சில். அவ்வளவுதான்! எதிர் வீட்டை ஒரே ஒரு முறை உட்கார்ந்து வரைந்துவிட்டால், அதன் ஜன்னல் எண்ணிக்கையை ஆயுசுக்கும் மறக்க மாட்டீர்கள்.

இதையே பத்து பேர் சேர்ந்து, ஊரைச் சுற்றிக்கொண்டே செய்தால்? அப்படித்தான் உலகம் முழுக்கப் பலர் செய்துகொண்டு இருக்கிறார்கள். வாருங்கள், நாமும் அந்தக் கூட்டத்தில் சேருவோம்!

பஸ்சில் பிறந்த யோசனை

ஸ்பெயின் நாட்டில் பிறந்தவர் கேப்ரியல் கம்பனாரியோ. பத்திரிகையாளர், ஓவியரும் கூட. வேலைக்காக அமெரிக்காவில் உள்ள சியாட்டில் நகருக்குக் குடியேறினார். புது ஊர்! தெருவும் தெரியாது, மனிதர்களையும் தெரியாது. ஊரைப் பழகிக்கொள்ள என்ன செய்தார் தெரியுமா? கையில் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு, பஸ்சில் எதிரே இருப்பவரையும், தெருவில் தெரியும் கட்டடங்களையும் வரைய ஆரம்பித்தார். வரைய வரைய ஊர் பழகிவிட்டது.

தன்னைப் போலவே நேரில் பார்த்து வரைபவர்கள் மற்ற ஊர்களிலும் இருப்பார்களே என்று யோசித்தார். 2007ல் இணையத்தில் அவர்களுக்காக ஒரு குழுவை ஆரம்பித்தார். அதற்கு, 'அர்பன் ஸ்கெட்சர்ஸ்' என்று பெயர். இன்று 400க்கும் மேற்பட்ட ஊர்களில் இதன் கிளைகள் இருக்கின்றன. இதில் சேர, ஓவியப் பள்ளியில் படித்திருக்க வேண்டியதில்லை. இரண்டே நிபந்தனைகள்தான் முக்கியம். போட்டோவைப் பார்த்து வரையக் கூடாது. அந்த இடத்துக்கே போய்ப் பார்த்து வரைய வேண்டும். பார்த்ததை உண்மையாக வரைய வேண்டும்.

இவருக்கு முன்பே, 2004ல், இன்னொருவர் இதே மாதிரி ஒரு வேடிக்கை செய்தார். அவர் பெயர் என்ரிகோ கசரோசா. 'லூகா' என்ற கார்ட்டூன் படத்தைப் பார்த்திருக்கிறீர்களா? 2021ல் வந்த அந்தப் படத்தை இயக்கியவர் இவர்தான்! ஒரு நாள் முழுக்க சான் பிரான்சிஸ்கோ நகரில் நடந்துகொண்டே, கண்ணில் பட்டதை எல்லாம் வரைந்தார். 'நீங்களும் வாங்களேன்' என்று மற்றவர்களையும் கூப்பிட்டார். ஒரே நாளில், வேறு வேறு நாடுகளில், பல பேர் தங்கள் தங்கள் ஊரை வரையும் வழக்கம் அப்படித்தான் பிறந்தது.

நம் பக்கத்தில்? சிங்கப்பூரில் 2009ல் இருந்தே இப்படி ஒரு குழு இருக்கிறது. 2015ல் உலகம் முழுவதும் இருந்து வந்த ஓவியர்கள் அங்கே கூடி, சிங்கப்பூர் தெருக்களை வரைந்தார்கள். நம் சென்னையிலும் வாரக் கடைசி நாட்களில், பெரியவர்களும் மாணவர்களும் நோட்டோடு கூடி வரையும் குழுக்கள் இருக்கின்றன.

'அதெல்லாம் சிட்டிக்கு சரி. எங்க ஊரில் வரைய என்ன இருக்கு?' என்று கேட்கிறீர்கள்தானே?

இருங்கள்... 200 வருஷத்துக்கு முந்தைய ஒரு கதையைச் சொல்கிறேன்.

நம்ம ஊருக்கு வந்த இரண்டு ஓவியர்கள்

இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டப் பகுதிகளுக்கு அந்தக் காலத்தில், 'பாராமகால்' என்று பெயர். திப்பு சுல்தானுக்கும், ஆங்கிலேயருக்கும் நடந்த மூன்றாவது மைசூர் போர் 1792ல் முடிந்தது. உடன்படிக்கையின்படி பாராமகால் ஆங்கிலேயர் கைக்குப் போனது.

அதே 1792ல், சென்னையில் இருந்து இரண்டு பேர் தெற்கு நோக்கிக் கிளம்பினார்கள். ஒருவர் தாமஸ் டேனியல். இன்னொருவர் அவருடைய சகோதரர் மகன் வில்லியம். இங்கிலாந்தில் இருந்து புறப்பட்டபோது வில்லியமுக்கு வயது 16தான்! நம்ம பிளஸ் ஒன் அண்ணன் வயசு. இருவரும் ஓவியர்கள். பல்லக்கு, மூட்டை முடிச்சு, ஆட்கள் என்று ஒரு சிறிய ஊர்வலமாகவே போனார்கள். அப்போது ரயில் இல்லை, கேமராவும் இல்லை.

வழியில் பார்த்த மலை, கோட்டை, கோவில், அருவி எல்லாவற்றையும் அங்கேயே உட்கார்ந்து வரைந்தார்கள். ராயக்கோட்டை, ஓசூர், வீரபத்திர துர்க்கம், ஜெகதேவி... எல்லாமே நம் பக்கத்து ஊர்கள்! குமரி முனை வரைக்கும் அவர்கள் பயணம் நீண்டது.

அவர்களிடம் ஒரு வேடிக்கையான பெட்டி இருந்தது. முன்னால் ஒரு கண்ணாடி வில்லை. எதிரே உள்ள காட்சி அதன் வழியாக உள்ளே போய், காகிதத்தின் மேல் விழும். அந்தக் கோட்டின் மேலேயே பென்சிலை ஓட்டினால், மலையின் வளைவு துல்லியமாக வந்துவிடும். இதை, 'இருட்டறைப் பெட்டி' என்று சொல்லலாம். இன்றைய கேமராவுக்குத் தாத்தா!

ஊருக்குத் திரும்பியதும், அந்தப் படங்களைச் செப்புத் தகட்டில் செதுக்கி, அச்சிட்டு, வண்ணம் தீட்டினார்கள். 1795ல் தொடங்கி 1808 வரை, 144 படங்கள் வெளிவந்தன.

இப்போது ஒரு கேள்வி. ராயக்கோட்டை மலை 1792ல் எப்படி இருந்தது என்று நமக்கு எப்படித் தெரிகிறது? அன்றைக்கு வெயிலில் உட்கார்ந்து இரண்டு பேர் வரைந்ததால்தானே!

சரி, அதே வருஷம் மற்ற கிராமங்கள் எப்படி இருந்தன? சந்தை எப்படிக் கூடியது? பிள்ளைகள் என்ன விளையாடினார்கள்? ஓவியர்கள் கோட்டைகளையும், பெரிய கோவில்களையும் தேடித்தான் போனார்கள். சாதாரணத் தெருவை வரைய யாரும் நிற்கவில்லை. அதனால், அந்தத் தெருக்கள் எல்லாம் போனது போனதுதான்.

இன்னும் பின்னால் போவோம். தர்மபுரிக்குப் பழைய பெயர் தகடூர். அதியமான் ஆண்ட ஊர். அவ்வைக்கு நெல்லிக்கனி கொடுத்தானே, அவனேதான். அவனுடைய வீரத்தைப் பாடல்களில் படிக்கிறோம். ஆனால், அவனுடைய தகடூர் பார்க்க எப்படி இருந்தது? ஒரு படம் கூட நம்மிடம் இல்லை.

அதற்காக, நம் முன்னோர் வரையத் தெரியாதவர்கள் என்று நினைக்காதீர்கள். பர்கூர் பக்கத்தில் மல்லப்பாடியில், பாறை மேல் வெள்ளை நிறத்தில் தீட்டிய பழைய ஓவியங்கள் இருக்கின்றன. ஊரைக் காக்கச் சண்டையிட்டு இறந்த வீரர்களைக் கல்லில் செதுக்கி வைத்த நடுகற்கள், தர்மபுரி மாவட்டத்தில் நிறைய உண்டு. தர்மபுரி அரசு அருங்காட்சியகத்துக்குப் போனால் நேரிலேயே பார்க்கலாம். அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோவிலில், கூரையை அண்ணாந்து பார்த்தால் பழைய வண்ண ஓவியங்கள் தெரியும். 'இது இங்கே நடந்தது; மறந்து விடாதே' என்று சொல்லத்தான் மனிதன் எப்போதும் படம் வரைந்திருக்கிறான்.

நாமக்கல் பையனும், மதுரைப் பையனும்

வெளிநாட்டவர் மட்டும்தானா? நம்மவர்களும் இருக்கிறார்கள்.

1965 வரை தர்மபுரியும், நாமக்கல்லும் ஒரே சேலம் மாவட்டத்தில்தான் இருந்தன. அந்த நாமக்கல்லில் 1919ல் பிறந்தவர் சீனிவாசன். அவருடைய படங்களைப் பார்த்த நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை, 'சென்னை ஓவியப் பள்ளியில் சேர்ந்து படி' என்று ஊக்கம் தந்தார். கவிஞரும் நன்றாக வரைவார் என்பது பல பேருக்குத் தெரியாது!

அந்த ஓவியப் பள்ளிக்கும் ஒரு கதை உண்டு. அதை 1850ல் ஆரம்பித்தவர் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற டாக்டர். ஊசி போடுகிற கை, ஓவியப் பள்ளியையும் கட்டியது. இன்று அது சென்னை எழும்பூரில் அரசு கவின் கலைக் கல்லூரியாக இருக்கிறது.

அங்கே படித்து வந்த சீனிவாசனுக்கு, ஆனந்த விகடனில் இருந்த ஓவியர் மாலி, 'சில்பி' என்று பெயர் வைத்தார். சில்பி கோவில் கோவிலாகப் போவார். சிலைக்கு எதிரே உட்கார்வார். நகையின் ஒவ்வொரு முத்தையும், ஆடையின் ஒவ்வொரு மடிப்பையும் பார்த்துப் பார்த்து வரைவார். 'தென்னாட்டுச் செல்வங்கள்' என்ற பெயரில் வந்த அந்தப் படங்களை, உங்கள் தாத்தா, பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். பத்திரிகையில் இருந்து வெட்டி எடுத்து, பைண்டு செய்து வைத்தவர்கள் ஏராளம்.

இன்னொருவர் மனோகர் தேவதாஸ். 1936ல் மதுரையில் பிறந்தவர். பேனாவும் மையும் கொண்டு, ஊசி முனைக் கோடுகளால் மதுரையை வரைந்தவர். அவருக்கு ஒரு கண் நோய் வந்தது. பார்வை ஓரங்களில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி, ஒரு குழாய் வழியாகப் பார்ப்பது போல ஆகிவிடும் நோய் அது. மனைவி மஹிமாவுக்கோ 1972ல் நடந்த கார் விபத்தில் கை, கால்கள் செயலிழந்தன.

அவர் வரைவதை நிறுத்தினாரா? இல்லை! பார்வை குறையக் குறைய, தடித்த கண்ணாடிகளை மாட்டிக்கொண்டு வரைந்தார். சிறு வயதில் பார்த்த மதுரையின் தெருக்களை நினைவில் இருந்தும் வரைந்தார். படம் அவர், பக்கத்தில் எழுத்து மஹிமா. இருவரும் சேர்ந்து வாழ்த்து அட்டைகள் செய்து, அதில் வந்த பணத்தை நற்பணிகளுக்குக் கொடுத்தார்கள். 2020ல் அவருக்கு பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2022 டிசம்பரில் மறைந்தார்.

யோசித்துப் பாருங்கள் குட்டீஸ். கண்ணில் வெளிச்சம் குறைந்த பிறகும், ஒரு மனிதருக்குத் தன் ஊர் இவ்வளவு தெளிவாகத் தெரிந்தது எப்படி? சின்ன வயதில் அவர் மதுரையைச் சும்மா பார்க்கவில்லை, கூர்ந்து பார்த்தார்!

கடத்தூரில் ஒரு ஞாயிறு

சரி, கதை போதும். வேலையை ஆரம்பிப்போம். எந்த ஊருக்குப் போகலாம்? மாமல்லபுரமா, தஞ்சாவூரா? வேண்டாம். அவற்றை வரைய ஆயிரம் பேர் இருக்கிறார்கள். யாரும் வரையாத ஊருக்குப் போவோம். தர்மபுரி மாவட்டத்தில் ஒரு சின்ன பேரூர், கடத்தூர். நீங்கள் அந்த ஊர்க்காரர் என்றால் ரொம்ப சந்தோஷம். வேறு ஊர் என்றால், கடத்தூர் என்று வரும் இடத்தில் எல்லாம் உங்கள் ஊர்ப் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள்!

ஐந்து முதல் பத்து பேர் வரை சேருங்கள். கூடவே ஒரு பெரியவர் கட்டாயம் வேண்டும். டிராயிங் மாஸ்டர், அக்கா, மாமா... யாராக இருந்தாலும் சரி. காலை 7:00 மணிக்குக் கிளம்பினால், வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடலாம்.

*முதல் நிறுத்தம்: டீக்கடை எதிரே*

பெஞ்சில் உட்கார்ந்தாயிற்று. முதல் பயிற்சி, காகிதத்தைப் பார்க்காமல் வரைவது! ஆமாம், நிஜமாகத்தான். டீ கிளாஸ் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதன் விளிம்பில் ஓர் எறும்பு ஊர்ந்து போவதாக நினைத்துக்கொள்ளுங்கள். எறும்பு போகும் வேகத்தில் உங்கள் கண் போகட்டும். கண் போகும் வேகத்தில் பென்சில் போகட்டும். இரண்டு நிமிஷம் கழித்து நோட்டைப் பாருங்கள்.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள்! கிளாஸ் நசுங்கிய சொம்பு மாதிரி இருக்கும். பரவாயில்லை. இதில் படம் முக்கியம் இல்லை. கண்ணுக்கும் கைக்கும் நட்பு உண்டாக்குவதுதான் முக்கியம். இன்னொரு நன்மை... எல்லாருடைய படமும் கோணலாக இருப்பதால், கூச்சம் ஓடியே போய்விடும்.

அடுத்தது டீ மாஸ்டர். அவர் ஒரு நொடி கூடச் சும்மா நிற்க மாட்டார். எப்படி வரைவது? கவனியுங்கள். டீ ஆற்றும்போது கை மேலே போகும், கீழே வரும். மறுபடி மேலே, மறுபடி கீழே. அதே நிலைக்குத் திரும்பத் திரும்ப வருகிறார் அல்லவா? ஒரே பக்கத்தில் நான்கு குட்டிப் படங்களை ஆரம்பியுங்கள். கை மேலே போகும்போது முதல் படத்தில் ஒரு கோடு. கீழே வரும்போது இரண்டாவது படத்தில் ஒரு கோடு. இப்படியே மாற்றி மாற்றி வரைந்தால், நான்கும் நிறைந்துவிடும். ஆடு, கோழி, தூளியில் ஆடும் பாப்பா... எல்லாவற்றுக்கும் இதே தந்திரம்தான்.

*இரண்டாவது நிறுத்தம்: கடைத்தெரு*

தெருவின் ஓரமாக, வண்டி வராத இடத்தில் நில்லுங்கள். இரண்டு பக்கமும் கடைகள். தூரம் போகப் போக கடைகள் சின்னதாகின்றன. தெருவும் குறுகுகிறது. நிஜத்தில் குறுகவில்லை, நம் கண்ணுக்கு அப்படித் தெரிகிறது.

இப்போது பென்சிலைப் படுக்கையாக, உங்கள் கண்ணுக்கு நேரே பிடியுங்கள். அதுதான், 'கண்மட்டக் கோடு'. அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கும் பெயர்ப் பலகை, கூரை எல்லாம் தூரம் போகப் போகக் கீழே இறங்கி வரும். கோட்டுக்குக் கீழே இருக்கும் திண்ணை, படி எல்லாம் மேலே ஏறி வரும். நேரான தெருவாக இருந்தால், எல்லாக் கோடுகளும் ஒரே புள்ளியில் போய்ச் சேரும்.

நம்பிக்கை இல்லையா? நின்றுகொண்டு ஒரு முறை பாருங்கள். தரையில் உட்கார்ந்து ஒரு முறை பாருங்கள். உட்கார்ந்ததும் கண்மட்டக் கோடும் உங்களோடு உட்கார்ந்துவிடும்! எல்.கே.ஜி., படிக்கும் தம்பிக்குக் கடைத்தெரு ஏன் அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்று இப்போது புரிகிறதா?

உயரத்தை அளப்பது எப்படி? கையை முழங்கை மடங்காமல் நீட்டுங்கள். ஒரு கண்ணை மூடுங்கள். பென்சில் முனையைக் கதவின் தலையில் வையுங்கள். கட்டை விரல் நகத்தைக் கதவின் அடியில் வையுங்கள். இதுதான் ஒரு 'கதவு'. இப்போது அந்தக் கட்டடம் எத்தனை கதவு உயரம், எத்தனை கதவு அகலம் என்று எண்ணுங்கள். பெரிய ஓவியர்கள் செய்வதும் இதுவேதான்.

*மூன்றாவது நிறுத்தம்: சந்தை*

சந்தையில் எல்லாமே இருக்கும். அதுதான் கஷ்டம்! எதை வரைவது, எதை விடுவது?

பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை ஒன்றை எடுங்கள். நடுவில் தீப்பெட்டி அளவுக்கு ஜன்னல் வெட்டுங்கள். அதன் வழியாகப் பாருங்கள். வெற்றிலைக் கட்டு அடுக்கிய கூடையும், அதன் பின்னால் உட்கார்ந்திருக்கும் பாட்டியின் கையும் மட்டும் தெரிகிறதா? போதும்! அதுதான் உங்கள் படம். முழுச் சந்தையையும் ஒரே பக்கத்தில் அடைக்க நினைத்தால், ஒன்றுமே நிற்காது.

இங்கே ஒரு மரியாதை விஷயம். மனிதர்களை வரையும்போது அனுமதி கேட்க வேண்டும். 'பாட்டி, கொஞ்ச நேரம் இங்க உட்கார்ந்து வரையட்டுமா?' என்று கேளுங்கள். முக்கால்வாசிப் பேர் சிரித்துக்கொண்டே சரி என்பார்கள். 'என் மூக்கை ஒழுங்கா போடு கண்ணு' என்று கிண்டல் கூட செய்யலாம். 'வேண்டாம்' என்றால், நன்றி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். வியாபாரத்துக்கு இடைஞ்சலாக நிற்கக் கூடாது. யாரையும் கேலியாக வரையவும் கூடாது.

படத்துக்குப் பக்கத்தில் நாலு வார்த்தை எழுதுங்கள். வெற்றிலை என்ன விலை? எந்த ஊரில் இருந்து வந்தது? காற்றில் என்ன வாசனை... வெல்லமா, புளியா, மழை மண்ணா? படத்தில் வாசனையை வரைய முடியாது, எழுதி வைக்கலாம்.

*நான்காவது நிறுத்தம்: புளியமரத்தடி*

வெயில் ஏறிவிட்டது. நிழலில் உட்காருங்கள். தூரத்தில் மலை தெரிகிறதா? கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். சின்னச் சின்ன விவரங்கள் மறைந்து, வெளிச்சம் ஓர் இடம், இருட்டு ஓர் இடம் என்று இரண்டாகப் பிரியும். முதலில் இருட்டை மட்டும் பென்சிலைச் சாய்த்துத் தீட்டுங்கள். பக்கத்தில் இருக்கும் மரம் கறுப்பாக இருக்கும். தூரத்து மலை வெளுப்பாக இருக்கும். நடுவில் இருக்கும் காற்றும், தூசியும்தான் மலையை வெளுக்க வைக்கின்றன. இதை அப்படியே வரைந்தால், தூரம் தானாக வந்துவிடும்.

மரத்தை வரையும்போது இலை இலையாகப் போட வேண்டாம். கிளைகளுக்கு நடுவில் தெரியும் வானத்தின் வடிவத்தை வரையுங்கள். மரம் தானே வந்து நிற்கும்!

நோட்டுகளை விரித்து வையுங்கள்

கடைசியாக, இந்த விளையாட்டிலேயே ரொம்ப அழகான பகுதி. எல்லோருடைய நோட்டையும் தரையில் வரிசையாக விரித்து வையுங்கள்.

ஒரே சந்தை. ஒரே நேரம். ஆனால், பத்து நோட்டில் பத்து சந்தை! ஒருத்தி தராசை வரைந்திருப்பாள். இன்னொருவன் சைக்கிளை. மூன்றாமவன், கூடைக்கு அடியில் தூங்கும் நாயை. 'அட, அங்கே நாய் இருந்ததா? நான் பார்க்கவே இல்லையே!' என்பீர்கள். இதற்குத்தான் கூட்டமாகப் போவது. தனியாகப் போனால் இரண்டு கண். பத்து பேர் போனால் இருபது கண்!

இங்கே முதல் பரிசு, இரண்டாம் பரிசு கிடையாது. 'உன் படம் நல்லா இல்லை' என்று சொல்லவும் தடை. 'நீ இதைப் பார்த்திருக்கிறாயே!' என்று மட்டும் சொல்லலாம். நன்றாக வரையத் தெரிந்த ஒருவன் மட்டும் கைதட்டல் வாங்கிக்கொண்டு, மற்றவர்கள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டால், அந்த ஊரைப் பார்த்த ஒன்பது ஜோடிக் கண்கள் வீணாகிவிடும் அல்லவா?

பையில் என்ன இருக்கணும்?

* கோடு போடாத நோட்டு. இல்லாவிட்டால், ஒரு பக்கம் அச்சான காகிதங்களின் பின்பக்கம்.

* பரீட்சை அட்டை, கிளிப்.

* 2பி அல்லது 4பி பென்சில், ஷார்ப்னர். எச்.பி., பென்சிலே போதும் என்றாலும் சரி.

* தண்ணீர் பாட்டில், தொப்பி அல்லது துண்டு.

ரப்பர்? வீட்டிலேயே தூங்கட்டும்! தப்பான கோட்டின் பக்கத்திலேயே சரியான கோட்டைப் போடுங்கள். அழித்துக்கொண்டே இருந்தால், டீ மாஸ்டர் கடையைப் பூட்டிக்கொண்டு போய்விடுவார்.

பென்சிலில் எச், பி என்று ஏன் போட்டிருக்கிறது தெரியுமா? உள்ளே இருப்பது ஈயம் இல்லை. கிராபைட்டும், களிமண்ணும் கலந்த கலவை. களிமண் அதிகம் என்றால் பென்சில் கெட்டி, கோடு வெளுப்பு. அது எச். கிராபைட் அதிகம் என்றால் மென்மை. கோடு நல்ல கறுப்பு. அது பி. இப்படிக் கலந்து சுடும் முறையை, 1795ல் பிரான்ஸ் நாட்டின் கோன்டே என்பவர் கண்டுபிடித்தார். டேனியல்களின் படங்கள் வெளிவரத் தொடங்கியதும் அதே வருஷம்தான்!

'செல்போனில் எடுத்தால் போதாதா?'

இந்தக் கேள்வியை வீட்டில் யாராவது கட்டாயம் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். செல்போன் ஒரு நொடியில் எடுத்துவிடும். ஆனால், அந்த ஒரு நொடிதான் நீங்கள் பார்க்கிறீர்கள். வரையும்போது அரை மணி நேரம் பார்க்கிறீர்கள். போட்டோ எடுத்தவரிடம், 'அந்தக் கடையில் எத்தனை ஜாடி இருந்தது?' என்று கேளுங்கள். போனை எடுத்துப் பார்த்துத்தான் சொல்வார். வரைந்தவர், கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்.

'இதில் மார்க் வருமா?' என்பது அடுத்த கேள்வி. வராது. ஆனால், சயின்ஸ் நோட்டில் பூவின் பாகங்களை வரையும்போதும், வரைபடத்தில் ஆறுகளைக் குறிக்கும்போதும், இந்தக் கண் உங்களுக்கு உதவும்.

மூன்றாவது கேள்வி யாரும் கேட்க மாட்டார்கள். நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டும். 'இப்போது வரையாவிட்டால் என்ன ஆகும்?'

ஊர் மாறிக்கொண்டே இருக்கிறது குட்டீஸ். நாட்டு ஓடு போட்ட வீட்டை இடித்துவிட்டு, தளம் போட்ட வீடு வருகிறது. மழைக்கு ஒழுகாத வீடு வருவது நல்லதுதான். அதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை. சாலையை அகலமாக்கும்போது, ஓரத்தில் நின்ற புளியமரங்கள் போகின்றன. திண்ணை போகிறது, கிணற்று ராட்டினம் போகிறது, மாட்டு வண்டி போகிறது. எல்லாவற்றையும் நம்மால் நிறுத்தி வைக்க முடியாது. ஆனால், போவதற்கு முன், 'நீ இப்படி இருந்தாய்' என்று ஒரு பக்கத்தில் எழுதி வைக்க முடியும்.

அதனால், ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் மூன்று விஷயங்களைக் கட்டாயம் எழுதுங்கள். இடம், தேதி, உங்கள் பெயர். 'கடத்தூர் சந்தை, ஞாயிறு காலை 8:30 மணி' என்று எழுதிய நிமிஷத்தில், உங்கள் கோணல் படம் ஒரு சான்றாக மாறிவிடுகிறது. ஐம்பது வருஷம் கழித்து உங்கள் பேரனோ, பேத்தியோ அதை எடுத்துப் பார்த்து, 'தாத்தா... இங்கே ஒரு புளியமரமா இருந்தது?' என்று ஆச்சரியமாகக் கேட்கலாம்.

ராயக்கோட்டை மலையை வரைய, கடல் கடந்து இரண்டு பேர் வந்தார்கள். கடத்தூர் தெருவை வரைய அப்படி யாரும் வரப் போவதில்லை. அதை வரைய, அந்தத் தெருவில் ஓடி விளையாடும் உங்களை விட்டால் ஆள் கிடையாது!

என்ன குட்டீஸ், பென்சிலைச் சீவிவிட்டீர்களா? ஞாயிறு வரை காத்திருக்க வேண்டாம். முதலில் எதிர் வீட்டில் இருந்து ஆரம்பியுங்கள். மறக்காமல் ஜன்னலை எண்ணுங்கள்!